மடாதிபதியும் பாதிரியாரும் இமாமும் அரசியல் பேசலாமா? எதுவரைக்கும்?

கடைமடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச விவகாரத்தை வெச்சே கேட்டுடறேன்.

கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர்ல கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடுது. 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். மண் வாய்க்கால். அதுக்குக் கான்கிரீட் போடறதுக்கு 709 கோடி ரூபாய்த் திட்டம் வந்தப்ப ஆயக்கட்டே (வாய்க்கால் பாசனம் பெறுற நிலப்பரப்பு) ரெண்டாப் பிரிஞ்சுது. கடைமடைக்காரங்க "கசிவுல போற தண்ணி எங்க வயலுக்கு வரோணும்"ங்கறாங்க. வாய்க்காலோரம் கிணறு வெச்சிருக்கிறவங்க "கசிவை அடைச்சா கிணறும் போச்சு, கரை மரமும் போச்சு"ங்கறாங்க. ரெண்டு தரப்பும் ஒரே கோயில் தேரை இழுக்கறவங்க, ஒரே மடத்துக்குப் போறவங்க.

இந்த மாதிரி விவகாரத்துல மடாதிபதியோ பங்குத்தந்தையோ இமாமோ வாயைத் திறக்கலாமா? திறந்தா எங்கே நிக்கோணும்? "சாமியாருக்கு அரசியல் எதுக்கு"ன்னு ஒரே வரியில முடிக்காதீங்க. சட்டம் என்ன, நடைமுறை என்ன, எங்கே கோணலாப் போகுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பேரூர்ப் படித்துறை

பேசோணுமுங்க. பேசாம இருக்கிறதுதான் நம்ம ஊர்ல பெரிய குறை.

தமிழ்நாட்டில் மடாதிபதிகள் பொதுப் பிரச்சினை பேசுவது புதுசு இல்லை. குன்றக்குடி அடிகளார் சட்ட மேலவை உறுப்பினராகவே இருந்தவர். தமிழ் அர்ச்சனை, கிராமத் தொழில், தீண்டாமை என்று எல்லாவற்றையும் மேடையில் பேசினார். பெரியாரோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார். 1982-ல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் நடந்த இந்து–கிறித்தவர் கலவரத்துக்குப் பிறகு அமைதிப் பணிக்குப் போனார். அவர் வாயை மூடிக்கொண்டு விபூதி மட்டும் கொடுத்திருந்தால் யாருக்கு லாபம்?

நம்ம பக்கம் பேரூர் ஆதீனமும் சிரவை ஆதீனமும் தமிழில் குடமுழுக்கு வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதைச் சமயக் கோரிக்கை என்பீர்களா, அரசியல் கோரிக்கை என்பீர்களா? அறநிலையத்துறை, நீதிமன்றம், மொழிக் கொள்கை மூன்றும் அதற்குள் இருக்கிறது. 2020-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கைத் தமிழிலும் வடமொழியிலும் நடத்தினதும் நீதிமன்றம் வரை போன பிறகுதான்.

அப்புறம் நொய்யல் ஆறு. அதன் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்குத் திறந்தது. சில வருசத்திலேயே சாயக்கழிவு தேங்கி, திறந்துவிட்டால் கீழே இருக்கிற நிலம் கெடும் என்று விவசாயிகளே "திறக்காதே" என்று கேட்கும் நிலைமை. 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை முழுசாகச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. தேவாரத்தில் பெயர் வருகிற பேரூரின் கரையைத் தொட்டு ஓடுகிற ஆறு. அதைப் பற்றிச் சமயப் பெரியவர் பேசினால் அது அரசியல், பேசக் கூடாது என்றால், அவர் பேச வேறு என்னதான் மிச்சம்?

---

மாமரத்துப்பட்டி

படித்துறை அண்ணா, நீங்க நல்ல உதாரணமா எடுத்து அடுக்கறீங்க. மோசமான பக்கத்தையும் பாருங்க.

மேடையில இருக்கிறவர் சொன்னதை மறுத்துப் பேச பக்தனுக்கு இடமில்லை. கட்சிக்காரர் பேசினா கூட்டத்துல இருந்து "அது பொய்யுங்க"ன்னு ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்லலாம். அருளுரைக்கு நடுவுல சொல்ல முடியுமா? மறையுரைக்கு நடுவுல? ஜும்மா குத்பா (வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சொற்பொழிவு) நடக்கறப்ப பக்கத்துல இருக்கிறவர்கிட்டப் பேசறதுகூடக் கூடாது. பதில் சொல்ல முடியாத இடத்துல ஒருத்தர் மட்டும் கருத்துச் சொல்றது நியாயமே இல்லை.

ரெண்டாவது, நன்கொடை. கோயில் திருப்பணிப் பலகையில முதல் பேரு யாருது? பெரும்பாலும் மில்லுக்காரர், பட்டறைக்காரர், குவாரிக்காரர், கல்லூரி முதலாளி. ஆத்துத் தண்ணியைப் பத்திப் பேசறவர் அந்தப் பலகையைப் பார்த்துட்டுத்தான் பேசுவார். பேசற விசயமும் பேசாத விசயமும் அங்கேயே தீர்மானம் ஆயிடுது. அதனால மொத்தமா விலகி நிக்கிறதுதான் மடத்துக்கும் மரியாதை, ஊருக்கும் நல்லது.

---

கோபி வழக்கறிஞர்

ரெண்டு பேர் சொல்றதுலயும் சட்டம் தனித்தனியாப் பதில் வெச்சிருக்குங்க. கொஞ்சம் நீளமாகும், பொறுத்துப் படிங்க.

முதல்ல ஒண்ணைத் தெளிவாக்கிடறேன். சமயத் தலைவர் அரசியல் பேசக் கூடாதுன்னு இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. பேச்சுரிமைப் பிரிவு 19 அவருக்கும் உண்டு. அவருக்கு ஓட்டு உண்டு, தேர்தலில் நிற்கவும் உரிமை உண்டு. சட்டம் கை வைக்கிறது மூணு இடத்துல: எந்த இடத்துல இருந்து பேசறார், யார் பணத்துல பேசறார், ஓட்டைக் கடவுள் பேரைச் சொல்லிக் கேட்கறாரா.

இடமும் பணமும் பற்றியது 1988-ம் வருசத்துச் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம். பலருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. கோயில், மடம், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா எல்லாத்துக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும்.

பிரிவு 3: நிறுவனத்துக்குச் சொந்தமான, இல்லைன்னா அதன் கட்டுப்பாட்டில் உள்ள எந்த இடத்தையும் அரசியல் நடவடிக்கைக்கு விடக் கூடாது. "எந்த இடமும்"ங்கறதைக் கவனிங்க. கர்ப்பக்கிரகம் மட்டும் இல்லை. கோயிலுக்குச் சொந்தமான கல்யாண மண்டபம், பள்ளிவாசலோட மதரஸா, சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூட மைதானம் எல்லாம் சேரும்.

பிரிவு 5: நிறுவனத்தோட பணமோ சொத்தோ கட்சிக்கும் அரசியல் நடவடிக்கைக்கும் போகக் கூடாது. பந்தல், மைக் செட், வேன் வாடகை, துண்டறிக்கை அச்சு எல்லாம் இதுக்குள்ள வரும்.

பிரிவு 6: நிறுவனம் நடத்துகிற திருவிழா, ஊர்வலம், கூட்டம் எதையும் அதுக்குப் பயன்படுத்த விடக் கூடாது. வெளியிடத்தில் நடந்தாலும் மடம் நடத்துகிற கூட்டம்னா இது பொருந்தும்.

மீறினால் நிர்வாகிக்கு 5 வருசம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை ஆச்சுன்னா பதவி போகும், 6 வருசத்துக்கு வேற சமய நிறுவனத்திலும் பொறுப்புக்கு வர முடியாது. தேர்தலில் நிற்கிற தகுதியும் போகும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 8(1) பட்டியல்ல இந்தக் குற்றமும் இருக்கு.

ஓட்டு பற்றியது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தோட பிரிவு 123. அதுல 123(2): தெய்வக் குற்றம் வரும், சமய விலக்கு வரும்னு வாக்காளரை நம்ப வைப்பது முறையற்ற செல்வாக்கு. 123(3): மதம், சாதி, இனம், சமூகம், மொழி பேரால ஓட்டுக் கேட்கிறது. 2017 ஜனவரி 2-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூணுன்னு தீர்ப்புச் சொல்லி, வேட்பாளரோட மதம் மட்டுமில்லை, வாக்காளரோட மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் குற்றம்னு விரிச்சாங்க. அபிராம் சிங் வழக்கு. அது 1990-ல் நடந்த தேர்தலைப் பற்றியது. சட்டம் எவ்வளவு மெதுவா நகருதுன்னு அதுலயே தெரியும். அதனால சட்டம் பார்த்துக்கும்னு யாரும் சும்மா இருந்துட முடியாது.

---

பேரூர்ப் படித்துறை

> சமயத் தலைவர் அரசியல் பேசக் கூடாதுன்னு இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை

இதைத்தான் நானும் சொல்றேன். ஆனா வக்கீல் ஐயா, ஒரு சந்தேகம். ஒரு சாமி "இந்த வேட்பாளர் நல்லவர்"னு சொல்றதே 123(2) ஆயிடுமா?

---

கோபி வழக்கறிஞர்

ஆகாதுங்க. இதுக்கு நேரான தீர்ப்பு இருக்கு. ராம் தயாள் எதிர் சந்த் லால், உச்ச நீதிமன்றம், 1959.

1957 தேர்தல், அப்போ பஞ்சாப்பில் இருந்த சிர்சா தொகுதி. நாம்தாரி சீக்கியர்களோட சத்குரு ஒரு வேட்பாளருக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தன் அடியார்களுக்கு ஆணை விட்டார். ஜெயிச்சவரோட தேர்தல் செல்லாதுன்னு ஆச்சு. ஆனா நீதிமன்றம் அதே தீர்ப்பில், வேட்பாளர்களை ஒப்பிட்டுக் கருத்துச் சொல்லவும், தகுதியானவர்னு நினைக்கிறவருக்காக ஆதரவு கேட்கவும் சமயத் தலைவருக்கு உரிமை உண்டுன்னும் சொல்லிருக்கு. தப்பானது எதுன்னா, அதை ஆணையா விட்டது. மீறினா குருவோட கோபமும் தெய்வக் குற்றமும் வரும்னு அடியார் நினைக்கிற அளவுக்குப் போயி, அவருக்குச் சொந்தமா முடிவெடுக்க இடமே இல்லாமப் பண்ணினது.

ஆக, பார்க்க வேண்டியது கேட்கிறவர் மனசுல "நான் மாத்திப் போட்டா என்ன ஆகும்"ங்கற பயம் வருமா வராதாங்கறதைத்தான். நம்ம பக்கத்துல குலகுரு, குலதெய்வக் கோயில் பெரியதனம் சொல்ற சொல்லுக்கு அந்த எடை உண்டு. "நம்ம குலத்துப் பையன், கோயிலுக்கு மாத்தி நடக்காதீங்க"ன்னு ஒரு வரி சொன்னா 123(2)-ம் 123(3)-ம் சேர்ந்தே வந்துடும். அதே ஆள் பேப்பர்க்காரங்ககிட்ட "இவரை எனக்குத் தெரியும், வேலை செய்வார்"னு சொன்னா வராது.

இன்னொண்ணு: தேர்தலைச் செல்லாததாக்கறதுக்கு, பேசினது வேட்பாளரோட சம்மதத்தோடன்னு நிரூபிக்கோணும். அங்கதான் பெரும்பாலான வழக்கு விழுகுது.

---

உக்கடம் பெரியகுளம்

மாமரத்துப்பட்டி அண்ணன் "மொத்தமா விலகி நில்லுங்க" என்கிறார். கோயம்புத்தூரில் அதற்கு என்ன விலை என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டோம்.

1997 நவம்பரில் போக்குவரத்துக் காவலர் கொலை, அதைத் தொடர்ந்த கலவரம், துப்பாக்கிச்சூடு. 1998 பிப்ரவரி 14-ல் தொடர் குண்டுவெடிப்பு, 58 உயிர். அந்த நாட்களில் யார் எந்த நேரத்தில் என்ன பேசினார் என்பது வெறும் அரசியல் கேள்வி இல்லை, கடைத்தெரு திறக்குமா திறக்காதா என்கிற கேள்வி. 2022 அக்டோபர் 23-ல் கோட்டை ஈசுவரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. அதற்குப் பிறகு ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய் நிர்வாகத்தைப் பார்த்து, தாங்கள் யார் பக்கம் நிற்கிறோம் என்று சொன்னார்கள். அது ஓர் அரசியல் செயல்தான். அப்படி ஒன்று அன்றைக்குத் தேவைப்பட்டது.

கலவர நேரத்தில் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. அதைப் பிசகினால் தண்ணீர் என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றின கதைதான்.

ஒன்று, முதல் அறிக்கை சில மணி நேரத்துக்குள் வர வேண்டும். அடுத்த ஜும்மா வரை, அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தால் அதற்குள் வாட்ஸ்அப் வதந்தி ஊரைச் சுற்றிவிடும். இரண்டு, தனித்தனி அறிக்கையாக விடக் கூடாது. கோயில் தரப்பு, பள்ளிவாசல் தரப்பு, தேவாலயத் தரப்பு ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தனித்தனியாக விட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை மாறும், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துத்தான் அடுத்த சண்டை. மூன்று, காவல்துறை இன்னும் சொல்லாத எதையும் அறிக்கையில் எழுதக் கூடாது. எத்தனை பேர், யார், எந்த ஊர் என்பதெல்லாம் அவர்கள் வேலை. நான்கு, "ஆனால்" என்கிற சொல்லே வரக் கூடாது. "வன்முறையைக் கண்டிக்கிறோம், ஆனால்" என்று தொடங்கினால் கேட்பவர் ஆனாலுக்குப் பின்னால் வருவதை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்.

ஜமாஅத் பக்கத்தில் நடக்கிற தவறையும் சொல்லிவிடுகிறேன். லெட்டர்பேட். முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர்) ஒருவரே கையெழுத்துப் போட்டு "எங்கள் ஜமாஅத் ஆதரவு இந்தக் கட்சிக்கு" என்று கடிதம் கொடுத்துவிடுகிறார். நிர்வாகக் குழு கூடவில்லை, தீர்மானப் புத்தகத்தில் பதிவு இல்லை. மறுநாள் அதே ஜமாஅத்தின் செயலாளர் வேறு கட்சி மேடையில் இருக்கிறார். முந்நூறு குடும்பத்தின் பெயரை ஒருவர் எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. இமாமைப் பொறுத்தவரை இன்னும் சிக்கல். அவர் சம்பளத்துக்கு இருக்கிறவர். நிர்வாகம் சொல்லி பயானில் (சமயச் சொற்பொழிவில்) ஒரு வரி சேர்த்தால் பழி அவர் தலையில், பயன் வேறு ஒருவருக்கு. அதனால் மிம்பரில் (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையில்) கட்சிப் பெயரே வரக் கூடாது என்று நிர்வாகக் குழுவே முன்கூட்டித் தீர்மானம் எழுதி வைப்பதுதான் இமாமுக்குப் பாதுகாப்பு.

---

காந்திபுரம் ஸ்டீபன்

கத்தோலிக்கத் தரப்பில் இது ஏற்கனவே எழுதி வைத்த விதி. திருச்சபைச் சட்டம் 285-ன்படி குருவானவர் ஆட்சி அதிகாரம் உள்ள அரசுப் பதவி ஏற்கக் கூடாது. 287-ன்படி கட்சியில் தீவிரமாக ஈடுபடக் கூடாது. ஆனால் அதே 287-ன் முதல் பகுதி, நீதியில் ஊன்றிய அமைதியையும் ஒற்றுமையையும் வளர்க்க வேண்டியது குருவானவர் கடமை என்கிறது. இரண்டும் ஒரே விதிக்குள் இருப்பது தற்செயல் இல்லை.

நடைமுறையில் பிரச்சினை வருவது ஆயரின் சுற்றுமடலில். தேர்தல் நேரத்தில் "மனச்சான்றின்படி வாக்களியுங்கள், சிறுபான்மையினரைப் பாதுகாப்பவர்களை ஆதரியுங்கள்" என்று ஒரு மடல் வந்தால், பெயர் சொல்லாவிட்டாலும் கோவையில் எந்தப் பங்கில் உட்கார்ந்து கேட்டாலும் யாரைச் சொல்கிறார்கள் என்று புரியும். பெயர் விட்டதனால் தப்பித்தோம் என்று நினைப்பது சரியில்லை. "கட்டாயம் வாக்களியுங்கள், பணம் வாங்காதீர்கள்" என்பதோடு நிறுத்துகிற மடலுக்கு யாரும் தகராறு செய்ய முடியாது. அதற்கு மேல் ஒரு கொள்கையைச் சொல்ல வேண்டுமென்றால் தேர்தல் இல்லாத வருசத்தில் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிற நிறுவனங்கள் எஃப்சிஆர்ஏ-வையும் (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) மறந்துவிடக் கூடாது. அரசியல் தன்மையுள்ள அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை தடை. 2020-ல் உச்ச நீதிமன்றம், தீவிர அரசியலிலோ கட்சி அரசியலிலோ ஈடுபடுகிற அமைப்புக்குத்தான் அது பொருந்தும், மக்கள் உரிமைக்காகப் போராடுகிற எல்லா அமைப்புக்கும் இல்லை என்று சுருக்கிப் படித்தது. ஆனாலும் பதிவு ரத்தாகிவிட்டால் விடுதியில் படிக்கிற பிள்ளைகளின் சாப்பாடுதான் முதலில் நிற்கும். பேசுகிறவர் அந்தப் பொறுப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

---

சென்னிமலை நெசவு

யாரும் நோம்பி (கோயில் திருவிழா) பத்திச் சொல்லலையே. நம்ம பக்கம் பேச்சை விட இதுதான் அதிகம் நடக்குது.

2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19. தேர்தல் பெரும்பாலும் பங்குனி, சித்திரையிலதான் வந்து விழுகுது. பண்ணாரி குண்டம், ஈரோடு பெரிய மாரியம்மன் கம்பம் எல்லாம் அந்தக் காலந்தான். ஊரூருக்கு மாரியம்மன் நோம்பி. வேட்பாளர் வராம இருப்பாரா? வரட்டும், சாமி கும்பிட எல்லாருக்கும் உரிமை உண்டு. பிரச்சினை அவருக்குக் கோயில் என்ன செய்யுதுங்கறது.

பரிவட்டம் கட்டறாங்க. கழுத்துல கட்சித் துண்டு, இடுப்புல கரை வேட்டி, தலையில கோயில் பரிவட்டம், பக்கத்துல பூசாரி. அந்தப் படம் அரை மணி நேரத்துல போஸ்டர் ஆயிடும். அம்மன் அருள் இவருக்குத்தான்னு ஒரு வார்த்தை பேசாமலே சொல்லியாச்சு. தேர்தல் அறிவிச்ச நாள்ல இருந்து முடிவு வர்ற வரைக்கும் வேட்பாளர் யாருக்கும் பரிவட்டம், முதல் மரியாதை கிடையாதுன்னு ஊர்க்கூட்டத்துல முன்னாடியே முடிவு செஞ்சு, நோம்பி நோட்டீசுலயே அச்சடிச்சுடோணும். வந்தப்புறம் "உனக்கு இல்லை"ன்னா மானப்பிரச்சினை ஆயிடும். அச்சுல இருந்தா யாரும் கோவிச்சுக்க முடியாது.

அன்னதானமும் அப்படித்தான். வேட்பாளர் செலவுல பந்தி போட்டா அது ஓட்டுக்குக் கொடுக்கற பொருளாப் போயிரும், தேர்தல் செலவுக் கணக்குலயும் ஏறும். சீரியல் லைட்டுல கட்சிச் சின்னம், தேர் வடத்துல கட்சிக் கொடி கட்டறது எல்லாமே நடத்தை விதிக்கு எதிர். வழிபாட்டு இடத்தைப் பிரசார மேடை ஆக்கக் கூடாதுன்னு அதுல நேராவே இருக்கு. யாரும் கேட்கலைன்னா சிவிஜில் செயலியில படம் எடுத்துப் போடுங்க, 100 நிமிசத்துல நடவடிக்கைன்னு தேர்தல் ஆணையமே கணக்கு வெச்சிருக்கு.

---

மாமரத்துப்பட்டி

நெசவு தம்பி சொன்னதுல எனக்கு ஒரு மாத்துக் கருத்தும் இல்லை. ஆனா என் முதல் கேள்வி அப்படியே இருக்கு. 1988 சட்டத்துல "அரசியல் நடவடிக்கை"ன்னா கட்சி மட்டுமா? நொய்யல், வாய்க்கால், டாஸ்மாக் எல்லாம்?

---

கோபி வழக்கறிஞர்

நல்ல கேள்வி, பலர் தவறவிடற இடம் இதுதான். கட்சி நோக்கம் மட்டுமில்லைங்க. "அரசியல் தன்மையுள்ள எந்தக் கோரிக்கை, பிரச்சினை, கேள்வி"யையும் கூட்டம், ஆர்ப்பாட்டம், ஊர்வலம், நிதி வசூல், ஆணை மூலமா முன்னெடுக்கறதையும் சட்டத்தோட விளக்கம் சேர்த்துக்குது. எழுத்துப்படி பார்த்தா மடத்து மண்டபத்துல நடக்கிற வாய்க்கால் கூட்டமும் மாட்டும். என் கருத்துல இந்த விளக்கம் ரொம்ப அகலம். தீண்டாமைக்கு எதிரா ஒரு கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டா அதையும் குற்றம்னு வாதாட இடம் கொடுக்குது. தீண்டாமையை அரசியல் சாசனப் பிரிவு 17 ஒழிச்சிருக்கு. அதைப் பேசறது சட்டத்தை நடைமுறைப்படுத்தறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த விளக்கம் நிறுவனத்தையும் அதை நிர்வகிக்கிறவரையும்தான் கட்டுது. அவர் வேற இடத்துல, வேற ஒருத்தர் நடத்தற கூட்டத்துல, மடத்துப் பணம் ஒரு ரூபாய் இல்லாமப் பேசினா 1988 சட்டம் அவரைத் தொடாது. நடைமுறையில வழி அதுதான்.

---

அவிநாசி தேர்வடம்

சரியான உதாரணம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அரை நூற்றாண்டுக்கு மேல கேட்ட கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் காலவரையற்ற உண்ணாவிரதம் நடந்தது. 2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி உபரி நீர் 1.5 டிஎம்சி-யைப் பம்ப் செய்து 1,045 குளம் குட்டைக்குக் கொண்டுவருகிற திட்டம். இதில் எந்தக் கட்சியும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. இப்படி எல்லாரும் கேட்கிற கோரிக்கையை ஒரு மடாதிபதி வாழ்த்தினால் எந்தச் சிக்கலும் வராது.

கீழ்பவானி அப்படி இல்லை. அங்கே இழப்பு ஒரு தரப்புக்கு, லாபம் இன்னொரு தரப்புக்கு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் "விவசாயிகள் பக்கம் நிற்கிறோம்" என்று மேடையில் பொதுவாக ஒரு வரி சொன்னால் ரெண்டு தரப்பும் தன் பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் ரெண்டு தரப்புக்கும் எதிரி.

---

பேரூர்ப் படித்துறை

தேர்வடம் சொல்றது சரி. அதுக்காக பிரிஞ்சு கிடக்கிற விவகாரத்துல பேசவே கூடாதுன்னு ஆயிடாது. சாதி விசயத்தை எடுத்துக்குங்க. இரட்டைக் குவளையிலும், கோயில் வாசல்ல நிறுத்தறதிலும் கூட இழப்பும் லாபமும் உண்டு. ஊர் ரெண்டாகத்தான் இருக்கும். அங்கே சமயத் தலைவர் நடுவுல நின்னா, நிறுத்தினவன் பக்கம் நின்னதா அர்த்தம். தண்ணிப் பங்கீட்டுல நடுநிலை சரி. மனுசனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தற விசயத்துல நடுநிலைன்னு ஒண்ணு கிடையாதுங்க. இந்த ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

---

மாமரத்துப்பட்டி

அதை ஒத்துக்கறேன். தீண்டாமையில பேசோணும், பேசினா அவரோட சொந்த நன்கொடையாளரே விலகிப் போவார், அந்த விலையைக் கொடுக்கத் தயாரா இருக்கோணும். நான் எதிர்க்கிறது ஓட்டையும், உடன்பாடில்லாத பொருளாதார விவகாரத்துல பக்கம் சாயறதையும்.

---

கடைமடை

அப்போ என் கேள்விக்கே வர்றேனுங்க. மடாதிபதி கீழ்பவானியில பக்கம் சாயாமப் பேசோணும்னா எப்படிங்க செய்யறது? நடைமுறையில சொல்லுங்க.

---

கோபி வழக்கறிஞர்

கூட்டம் நடத்தறது ரெண்டு தரப்பு விவசாயிகள் சங்கமும் சேர்ந்து. அழைப்பிதழ் அவங்க பேர்ல, மண்டபம் தனியார் மண்டபம், வாடகை ரசீது சங்கத்துப் பேர்ல. மடாதிபதி விருந்தினர். அழைப்பிதழ்ல மடத்து முத்திரை வேண்டாம். காவல் நிலைய அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் சங்கமே வாங்கோணும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அதைச் சாக்கா வெச்சு வழக்குப் போடறவங்க உண்டு.

பேசறது எழுதின உரையா இருக்கோணும், ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். முந்தின நாளே ரெண்டு சங்கத்துக்கும் படி கொடுத்துடுங்க. அதுல "கான்கிரீட் வேணும், வேண்டாம்" இருக்காது. கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும். மதகு மதகா எவ்வளவு தண்ணி விடறாங்க, கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேருதுங்கற அளவீட்டைப் நீர்வளத் துறைப் பொறியாளர்கள் வெளியிடோணும். வாய்க்காலோரக் கிணத்து நீர்மட்டத்தைத் தண்ணி விட்ட காலத்துலயும் நிறுத்தின காலத்துலயும் அளந்து வெளியிடோணும். முறை வெச்சு விடற ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகுப் பட்டியலை ஊர்ல ஒட்டோணும். ரெண்டு தரப்பும் இந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகுதான் பேச்சுவார்த்தை. இந்தக் கோரிக்கையில பக்கம் இல்லை, ஆனா வேலை இருக்கு.

முழு வீடியோவைச் சங்கமே அன்னைக்கு ராத்திரியே போட்டுடோணும். முப்பது செகண்டு துண்டு முதல்ல வந்துட்டா அதுக்கு அப்புறம் வர்ற விளக்கத்தை யாரும் பார்க்கறதில்லை. பேப்பர்க்காரங்க கேள்விக்குப் பதில் வேண்டாம், "தேர்தல்ல யாருக்கு ஆதரவு"ங்கறதுதான் முதல் கேள்வியா வரும்.

---

உக்கடம் பெரியகுளம்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விருந்தினராக ஒரு சமயத்தவரை மட்டும் அழைக்காதீர்கள். ஆயக்கட்டில் எல்லாச் சமயத்தவரும் நிலம் வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் ஒரே உரைக்குக் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் சொந்த உரிமை கொண்டாட இடம் இருக்காது.

---

கடைமடை

ரொம்ப நன்றிங்க. கிராமசபையில அவர் பேசலாமா? எங்க ஊர்ல மாரியம்மன் கோயில் மண்டபத்துலதான் எப்பவும் நடக்கும்.

---

கோபி வழக்கறிஞர்

அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா அவர் கிராமசபை உறுப்பினர், பேசலாம், தீர்மானம் முன்மொழியலாம். பக்கத்து ஊர் வாக்காளர்னா அந்த உரிமை இல்லை, எவ்வளவு பெரிய ஆதீனமா இருந்தாலும்.

ஆனா கோயில் மண்டபத்துல வேண்டாம். மதச்சார்புள்ள எந்த வளாகத்துலயும் கிராமசபை நடத்தக் கூடாதுன்னு ஊரக வளர்ச்சித் துறை ஒவ்வொரு தடவையும் சுற்றறிக்கை விடுது. ஊராட்சி நிர்வாகத்துக்கிட்ட ஒரு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுத்து, சமுதாயக் கூடம் இல்லைன்னா பள்ளி மைதானத்துக்கு மாத்தச் சொல்லுங்க. வருசத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் நாள், வாய்க்கால் விசயத்துக்குப் பொருத்தம். தேர்தல் நடத்தை விதி வந்துட்டா அன்னைக்குக் கிராமசபையே நடக்காது, அதனால தேர்தல் வருசத்துல ஜனவரி 26-யே குறி வைங்க.

வருகையைப் பாருங்க. ஊராட்சி மக்கள்தொகை 501-ல் இருந்து 3,000 வரைன்னா 100 பேர், 3,001-ல் இருந்து 10,000 வரைன்னா 200 பேர் கையெழுத்து வேணும். குறைஞ்சா தீர்மானம் நிக்காது. தீர்மானம் நீர்வளத் துறையைக் கட்டுப்படுத்தாது, அதையும் ஊர்க்காரங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மேல்மடை ஊராட்சி ஒரு மாதிரியும் கடைமடை ஊராட்சி ஒரு மாதிரியும் தீர்மானம் போட்டாலும், அளவீட்டை வெளியிடச் சொல்ற வரி மட்டும் ரெண்டுலயும் ஒரே வாசகமா இருக்கட்டும். அந்த வாசகத்தை எழுதிக் கொடுக்கறதுக்குத்தான் உங்க மடாதிபதியைக் கேளுங்க.